நாலாவது குட்டிக்கான கட்டம்

படிவத்தில் முதல் கட்டம் தாய்க்கு.
வீட்டில் அவளைப் புட்டு என்று கூப்பிடுகிறோம்.
காகிதத்தில் அவள் கேப்விண்ட் ஆஷ் பிரின்சஸ்.
கேப்விண்ட், நான் பணம் கட்டி வாங்கிய பெயர்,
வேறு யாரும் தங்கள் பூனைக்கு முன்னால் போட முடியாது.
நிறம் என்ற இடத்தில் நீலம்.
வேலந்தாவளத்தில் அதைச் சாம்பல் என்பார்கள்.
சங்கம் நீலம் என்றால் நீலம்தான்.

அடுத்தது தகப்பனுக்கு.
கோவை சாய்பாபா காலனி கிரிதரன் வீட்டு ஆண்,
கிரீம் நிறம், பிடரித் தோலுக்கடியில்
பதினைந்து இலக்க சிப்பு.
மூன்று நாள் தங்க வைத்ததற்குப் பன்னிரண்டாயிரம்,
ரசீது உண்டு.
சேர்ந்த தேதியும் ஈன்ற தேதியும் எழுதிக்
கழித்துப் பார்த்தேன்:
அறுபத்து நாலு நாள். சரி.

பிறகு எண்ணிக்கை.
நீல ஆண் இரண்டு.
நீலத்தில் கிரீம் தெளித்த பெண் ஒன்று.
புட்டு களைத்துப் படுத்து அரை மணி கழித்து,
எல்லாம் முடிந்தது என்று நான் கை கழுவியபோது,
முதுகு முழுக்கக் கோடு போட்ட ஒன்று,
கறுப்பும் பழுப்புமாக.

வெளிறியதும் வெளிறியதும் சேர்ந்தால்
கறுப்பு பிறக்காது.
நான் சொல்லவில்லை, சங்கத்துக் கையேடு சொல்கிறது.

கோவையிலிருந்து கூட்டி வந்த இரவு கரண்ட் இல்லை.
சமையலறைக் கொசுவலையில் ஒரு சாண் கிழிசல்.
சோதனைச்சாவடி லாரிகளுக்கு அடியில் தூங்கி
இரண்டு மாநிலத்துக்கும் பெர்மிட் இல்லாமல்
போய்வருகிற ஒற்றைக்காதனுக்கு
ஒரு சாண் போதும்.

கொச்சியிலிருந்து சுபைதா மேடம் போனில் சொன்னார்:
ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன், பூனைக்குச் சகஜம்.
நாலு குட்டிக்கும் கன்னத்துக்குள் பஞ்சு தேய்த்து அனுப்புங்கள்.
மூன்று தேறும்.
நாலாவதை எங்கே எழுதுவது என்றேன்.
எண்ணிக்கையில் மட்டும், என்றார்,
பெயருக்கு வரிசை கிடையாது.

கிரிதரன் சிரித்தார்:
"மூணுன்னு எழுதுங்க்கா. யாரு வந்து எண்ணப்போறா?"

அந்த வாரமே சித்தூர் தாலுக்கா ஆபீசில்
இன்னொரு படிவம்.
மகள் நித்திலாவின் காலேஜுக்கு ஜாதிச் சான்றிதழ்.
"அச்சன்?" என்றார் சசீந்திரன் சார். சொன்னேன்.
"அச்சன்றெ அச்சன்?" சொன்னேன்.
ஐம்பதாம் வருஷத்துக்கு முன்னே இங்கே இருந்ததற்கு
"ரேக உண்டோ?"
ரேகை இருக்கிறது, என் உள்ளங்கையில்.
அவர் கேட்டது பத்திரம்.

புட்டுவுக்கு நாலு தலைமுறை,
இரண்டு, நாலு, எட்டு, பதினாறு:
முப்பது பெயர் எனக்கு மனப்பாடம்,
அதில் ஒருவன் பெல்ஜியத்தில் கோப்பை வாங்கியவன்.
என் பக்கம்,
கடலை பிடுங்கும் கூலிக்கு ரோட்டைக் கடந்த ஒருவரோடு
நின்றுவிடுகிறது.
எந்த வருஷம் என்று அவருக்கே தெரியாது.
பழைய பதிவேடு இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை.
"எலி," என்றார் சார்.

நாலு என்று எழுதி அனுப்பினேன்.
தங்க ஓரம் வைத்து மூன்று சான்றிதழ் வந்தன.
மூன்று குட்டிகளும் அதோடு போயின,
ஒன்று திருச்சூர், இரண்டு ஈரோடு.
ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன்.

கோட்டுக்காரனைக் கட்டைப்பையில் போட்டு
சித்தூர் பஸ் ஏறினேன்.
ரெக்கார்டு ரூமில் எலி இருக்குன்னீங்களே சார்.
அவர் குனிந்து பார்த்தார்.
உள்ளிருந்து ஒரு கை வந்து
அவர் பேனாவை அடித்தது.

"ஜாதிப் பூச்சையாணோ?"

சர்டிபிகேட் இல்லை சார், என்றேன்.

மேலே மின்விசிறி முழு வேகத்தில்.
என் விண்ணப்பம் படபடத்துக்கொண்டே இருந்தது.
சசீந்திரன் சார் கல்லைத் தேடினார், கிடைக்கவில்லை.
குட்டியைத் தூக்கி
அதன்மேல் வைத்தார்.